கடலடி வடமும் கரையுரிமையும்: வி.எஸ்.என்.எல். வளர்ந்த வரலாறு

2004 நவம்பரில் விதேஷ் சஞ்சார் நிகாம் எனும் வி.எஸ்.என்.எல்., டைகோ நிறுவனத்தின் உலகக் கடலடி வலையமைப்பை 13 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. கைமாறிய ஒளியிழை வடங்களின் நீளம் ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர். புவியின் நடுக்கோட்டை ஒன்றரை முறை சுற்றிவரும் நீளம். அவற்றை அமைக்க டைகோ செலவிட்டது 250 கோடி டாலருக்கும் மேல். நூறு ரூபாய் பெறுமான பொருள் ஐந்து ரூபாய்க்குச் சற்று மேலான விலையில் கைமாறியது எனலாம்.

இந்தப் பரிமாற்றத்தில் பெரிதும் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களையும், மேற்கு ஐரோப்பாவையும், ஜப்பான், குவாம் ஆகிய தீவுகளையும் இணைத்த அந்த வடங்களுள் ஒன்றுகூட இந்தியக் கரையைத் தொடவில்லை. தன் நாட்டைத் தொடாத ஒரு வலையமைப்பை ஓர் இந்திய நிறுவனம் ஏன் வாங்கியது? வாங்கும் நிலையை அது எவ்வாறு எய்தியது?

இந்நிறுவனத்தைப் பற்றி இருவகைக் கதைகள் வழங்குகின்றன. அரசின் மந்தமான துறையொன்று தனியார் கைக்குச் சென்றதும் உலகை வென்றது என்பது ஒன்று. மக்கள் சொத்து மலிவாகக் கைமாறியது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் 2002-இல் தொடங்கிவிடுவதுதான் குறை. கடலடி வடத் தொழிலுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். அந்த நீண்ட கால அளவில் வைத்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப நிகழும் இரண்டு போக்குகள் புலப்படுகின்றன. வடத்தை இடுபவர் ஒருவராகவும், அதன் பயனை நுகர்பவர் வேறொருவராகவும் இருப்பது முதலாவது. ஆழ்கடலில் கிடக்கும் வடத்தைவிட, அது கரையேறும் இடத்தின் மீதான உரிமையே நிலையான வலிமையாக இருப்பது இரண்டாவது.

செத்த வடத்துக்குச் செலுத்திய வட்டி

இந்தியாவைக் கடல்வழித் தந்தியால் பிரிட்டனோடு இணைக்கும் முதற்பெரு முயற்சி 1859-60-இல் நடந்தது. சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சி வரை செங்கடல்-இந்தியத் தந்தி நிறுவனம் வடம் இட்டது. அது சில காலத்திலேயே செயலிழந்தது. ஆயினும் பிரிட்டிஷ் அரசு 8 லட்சம் பவுண்டு முதலீட்டுக்கு ஆண்டுக்கு நாலரை விழுக்காடு வீதம் 50 ஆண்டுகளுக்கு உறுதியளித்திருந்தது. வடம் வேலை செய்தால்தான் பணம் என்ற நிபந்தனை அதில் இல்லை. எனவே, கடலடியில் மக்கிக் கிடந்த ஒரு கம்பிக்காக ஆண்டுதோறும் 36,000 பவுண்டு பொதுக் கருவூலத்திலிருந்து முதலீட்டாளர்களுக்குச் சென்றுகொண்டிருந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றவர் ஜான் பெண்டர் என்னும் துணி வணிகர். வடம் செய்யும் தொழிற்சாலையும் அதனை இடும் நிறுவனமும் 1864-இல் அவர் தலைமையில் ஒன்றிணைந்தன. பின்னர் ஒவ்வொரு கடல்வழிக்கும் தனித்தனி நிறுவனம் தொடங்கினார். ஒன்று மூழ்கினாலும் மற்றவை பிழைக்கும். எது பிழைத்தாலும் மூழ்கினாலும் வடம் செய்து விற்ற தொழிற்சாலைக்கு வருவாய் உண்டு. 1870 பிப்ரவரியில் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பல் பம்பாயிலிருந்து ஏடன் நோக்கி வடம் இட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் லண்டனோடு கடல்வழியே இணைந்தது. 1870-71-இல் மற்றொரு நிறுவனம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வடம் இட்டது. வழிகள் நிலைபெற்றதும், 1872-இல் ஈஸ்டர்ன் தந்தி நிறுவனம், 1873-இல் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என இரு பெருங்குடைகளின்கீழ் அவை தொகுக்கப்பட்டன.

இங்கு இரண்டைக் குறித்துக்கொள்ளவேண்டும். முதல் இழப்பைப் பொதுநிதி ஏற்றது. நிலைத்த வருவாயைத் தனியார் குழுமம் பெற்றது. மேலும், பெண்டரின் வலிமை வடத்தில் மட்டும் இல்லை. பம்பாய், ஏடன், சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவை அனைத்தும் ஒரே பேரரசின் ஆட்சிக்குட்பட்ட கரைகள். கரையேறும் அனுமதிக்காக அவர் அயலரசிடம் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

ஒரே முடிவில் பிறந்த இருவர்

வானொலித் தந்தி வளர்ந்தபின் 1932-இல் இந்திய ரேடியோ-கேபிள் தகவல்தொடர்பு நிறுவனம் உருவாயிற்று. உலகப்போர் முடிந்த 1945-இல் லண்டனில் கூடிய காமன்வெல்த் தொலைத்தொடர்பு மாநாடு, அயல்நாட்டுத் தொடர்புகளை அந்தந்த நாடு பொதுவுடைமையாக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன்படி இந்தியாவில் 1947 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தகவல்தொடர்புப் பணி, அதாவது ஓ.சி.எஸ்., அரசுத் துறையாக இயங்கத் தொடங்கியது. கனடாவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நாட்டின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்புக் கழகம் அமைந்தது. இதே கழகம் 1975-இல் டெலிகுளோப் எனப் பெயர் மாறி, 1987-இல் தனியார்மயமாயிற்று. இந்த உறவை நினைவில் இருத்துக, பின்னர்த் தேவைப்படும்.

ஓ.சி.எஸ். காலத்தில் வானமே முதன்மை வழியாயிற்று. 1971-இல் புனேக்கு அருகே ஆர்வியில் செயற்கைக்கோள் தரைநிலையம் திறக்கப்பட்டது. 1976-இல் டேராடூனில் அடுத்த நிலையம் வந்தது. 1981-இல் சென்னைக்கும் பினாங்குக்குமிடையே புதிய கடலடி வடம் அமைந்தது. 1986 ஏப்ரல் 1 அன்று ஓ.சி.எஸ்., வி.எஸ்.என்.எல். என்னும் பொதுத்துறை நிறுவனமாயிற்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியதும் இதுவே. 1994-இல் சீ-மீ-வீ 2, 1997-இல் ஃபிளாக், அதன்பின் சீ-மீ-வீ 3, 2002-இல் சேஃப் எனக் கடல்வடங்கள் ஒவ்வொன்றாக மும்பையிலும் கொச்சியிலும் கரையேறின. கரையேறிய இடங்களெல்லாம் வி.எஸ்.என்.எல். வசமிருந்தன. வேறெவருக்கும் அந்த உரிமை இல்லை.

இந்த ஏகபோகத்தை முற்றிலும் பழிக்கவோ புகழவோ நான் முற்படவில்லை. வெளிநாட்டு அழைப்பின் கட்டணம் எட்டாக்கனியாக இருந்த காலம் அது. அந்த உயர்கட்டணத்தின் வழியாகவே நிறுவனத்தின் கையிருப்பு பெருகியது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீட்டோடு பேச நிமிடக் கணக்குப் பார்த்தவர்களின் பணம் அந்த இருப்பில் கலந்திருந்தது.

இட்டவர் அழிந்தனர், வடம் நின்றது

1990-களின் இறுதியில் உலகெங்கும் கடலடி வடங்களில் முதலீடு குவிந்தது. அதுவரை பல நாட்டுத் தொலைபேசித் துறைகள் கூட்டாகச் சேர்ந்து வடம் இடுவதே வழக்கம். அவ்வழக்கத்தை உடைத்து, தனியார் முதலீட்டில் பிரிட்டனிலிருந்து ஜப்பான் வரை ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் நீண்டது ஃபிளாக். செலவு 150 கோடி டாலர் அளவினது. டைகோவின் நிலை இன்னும் விந்தையானது. ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் கடலடி வடப் பிரிவை 1997-இல் வாங்கிய டைகோ, பிறருக்கு வடம் இட்டுத் தருவதோடு நில்லாமல், தானே வலையமைப்பின் உடைமையாளராக முனைந்தது. செய்து விற்று ஆதாயம் கண்டு, இழப்பிடரைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்த பெண்டரின் உத்தியைத் தலைகீழாக்கி, இடரைத் தானே சுமந்தது எனலாம்.

வீழ்ச்சிக்கான காரணம் தேவை குறைந்தது அன்று. இணையப் பயன்பாடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரே இழையில் வெவ்வேறு அலைநீளமுள்ள பல ஒளிக்கற்றைகளை ஒருங்கே செலுத்தும் நுட்பம் முதிர்ந்தது. கடலடியில் எதையும் மாற்றாமல், கரையிலுள்ள கருவிகளை மாற்றியே ஒரு வடத்தின் கொள்ளளவைப் பன்மடங்காக்க இயன்றது. ஒருவர் இட்டால் போதுமான வழியில் ஐவர் இட்டனர். அந்த ஐவரின் வடமும் ஆண்டுதோறும் பெருத்தது. விலை சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2002 ஏப்ரலில் ஃபிளாக் திவால் பாதுகாப்பை நாடியது. தாய் நிறுவனம் நிதியை நிறுத்தியதால் அடுத்த மாதமே டெலிகுளோப்பும் அதே நிலையை அடைந்தது.

கப்பல் உடைந்தால் பலகைகள் மிதக்கும். தொழிற்சாலை மூடினால் இயந்திரங்கள் துருவேறும். திவாலான கடலடி வடமோ முன்போலவே ஒளியைக் கடத்திக்கொண்டிருக்கும். அதன் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் எனக் கணக்கிட்டே செய்யப்படுகிறது. இட்டவரின் கடன் நீதிமன்றத்தில் கழிந்தபின் வருபவருக்கு, கடன் நீங்கிய கடல்வழி கிடைக்கிறது. இதுவே 2004-இன் மலிவு விலைக்கான பொருளியல் விளக்கம்.

வாங்கியவர்

அதே 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசு வி.எஸ்.என்.எல். பங்குகளில் 25 விழுக்காட்டை ரூ.1,439 கோடிக்கு டாடா குழுமத்துக்கு விற்று, மேலாண்மையையும் ஒப்படைத்தது. ஏப்ரல் 1 முதல் பன்னாட்டு அழைப்புகளில் ஏகபோகம் நீங்கியது. கைமாறிய சில மாதங்களுக்குள், நிறுவனத்தின் ரூ.1,200 கோடியை டாடாவின் மற்றொரு தொலைபேசி நிறுவனத்தில் முதலிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 26 விழுக்காடு பங்கை இன்னும் வைத்திருந்த அரசுக்குள்ளேயே அது பெரும் சர்ச்சையாயிற்று. சேர்ந்திருந்த இருப்பு எவருடைய உழைப்பின் பயன், அதைச் செலவிடும் உரிமை எவருக்கு என்பதே அச்சர்ச்சையின் மையம்.

ஏகபோகம் நீங்கியதும் போட்டி கடலில் தெரிந்தது. பார்தியும் சிங்டெல்லும் இணைந்து 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்குமிடையே ஐ2ஐ வடத்தை இயக்கின. 2004-இல் அதே வழியில் வி.எஸ்.என்.எல். தன் சொந்த வடத்தை இட்டது. நீளம் 3,175 கிலோமீட்டர். பெண்டரின் காலத்துத் தந்தி வடம் சென்ற அதே திசையில், 130 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின், சென்னைக் கரை மீண்டும் கிழக்கின் வாயிலாயிற்று. 2004 தொடக்கத்தில் ரிலையன்ஸ் ஃபிளாக்கை 20.7 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. டைகோ வலையமைப்பு 2005 ஜூலையில் வி.எஸ்.என்.எல். கைக்கு வந்தது. அடுத்து, 2006 பிப்ரவரியில் ஏறத்தாழ 23.9 கோடி டாலர் மதிப்பில் டெலிகுளோப்பும் வந்தது. 1945-இன் ஒரே மாநாட்டுப் பரிந்துரையில் வேர்கொண்ட இரு பொதுத்துறை அமைப்புகளின் வழித்தோன்றல்கள், தனியார் உடைமைகளாக மாறியபின் இவ்வாறு ஒன்றிணைந்தன. காலனிய நாடாக இருந்த இந்தியாவின் நிறுவனம் வாங்குபவராகவும், கனடாவின் நிறுவனம் விற்கப்படுவதாகவும் இருந்தமை வரலாற்றின் திருப்பமே. ஆயினும் இருபுறத்திலும் விற்பனைக்கு வந்தது பொதுநிதியில் வளர்ந்த சொத்து என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2008-இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் எனப் பெயர் மாறியது. வாங்கிய வடங்கள் இந்தியாவைத் தொடவில்லை என்ற குறையை நிரப்புவதே அடுத்த பணி. 2009-இல் சிங்கப்பூரையும் ஜப்பானையும் இணைக்கும் ஆசிய வடம் இயங்கியது. 2012-இல் மும்பையிலிருந்து எகிப்து வழியாக மார்செய்ல் வரை யூரேசிய வடம் முடிந்தது. ஒரே நிறுவனத்தின் முழு உடைமையாக உலகைச் சுற்றிவரும் முதல் வளையம் இது என நிறுவனம் அறிவித்தது. வளையத்தின் பெரும்பகுதி பிறர் இட்டு அழிந்தது. இடைவெளிகள் மட்டுமே சொந்தமாக இடப்பட்டவை. ஆனால் அந்த இடைவெளிகளே வாங்கியவற்றுக்குப் பயன் தந்தன.

கரை

இனி இரண்டாவது போக்கு. ஃபிளாக் வடம் மும்பையில் கரையேறிய நிலையம் வி.எஸ்.என்.எல். வசமிருந்தது. ஃபிளாக்கை ரிலையன்ஸ் வாங்கியபின், கடலில் வடம் ஒருவருக்கும் கரையில் வாசல் அவருடைய போட்டியாளருக்கும் என்றாயிற்று. அந்த நிலையத்தில் கூடுதல் கொள்ளளவைப் பயன்படுத்த இசைவு மறுக்கப்பட்டதாக எழுந்த வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, 2006-இல் ஃபிளாக்குக்குச் சார்பான தீர்ப்பைப் பெற்றது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு இட்ட கடல்வழி, கரையிலுள்ள ஓர் அறையின் கதவருகே நின்றுவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007-இல் கரை நிலையங்களை இன்றியமையாப் பொதுவசதியாகக் கருதி, போட்டியாளர்க்கும் இடமளிக்கவேண்டும் என விதி வகுத்தது. 2012-இல் அதற்கான கட்டண வரம்புகளையும் விதித்தது. கரை நிலையங்களை வைத்திருந்த நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவற்றை எதிர்த்தன. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டென உச்ச நீதிமன்றம் 2018-இல்தான் உறுதிசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிறிய இணைய சேவை நிறுவனங்கள் செலுத்திய தொகை எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

கரையுரிமை இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. டைகோ வலையமைப்பை வாங்கும்போது, அமெரிக்கக் கரைகளில் ஏறும் வடங்களுக்காக அந்நாட்டின் நீதித்துறை, பாதுகாப்புத்துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத்துறை ஆகியவற்றோடு வி.எஸ்.என்.எல். பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொள்ளவேண்டியிருந்தது. வடம் இந்திய நிறுவனத்தின் உடைமை. ஆனால் கரையின் நிபந்தனைகளை விதித்தது கரையுடைய அரசு. மும்பையில் தான் பயன்படுத்திய அதிகாரத்துக்கு நிகரான ஒன்றுக்கு அந்நிறுவனம் அமெரிக்கக் கரையில் உட்பட்டு நின்றது.

கணக்கு

கரை என்பது கடற்கரை மட்டுமன்று. புனே, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் வி.எஸ்.என்.எல். வசமிருந்த 773 ஏக்கர் உபரி நிலம் 2002 விற்பனையில் சேராது எனப் பிரித்து வைக்கப்பட்டது. அதனைத் தனி அரசு நிறுவனத்துக்கு மாற்றி முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அது முடிந்தபின், 2021 மார்ச்சில் எஞ்சிய 26 விழுக்காட்டையும் அரசு விற்று வெளியேறியது, கிடைத்தது ரூ.8,800 கோடிக்கும் மேல். 2002-இல் ஏறத்தாழ அதே அளவு பங்குக்கு ரூ.1,439 கோடி பெற்றதை இதனோடு ஒப்பிடுவோர் பத்தொன்பது ஆண்டு விலைவாசி உயர்வையும், மேலாண்மை கைமாறியபின் நிறுவனத்தில் நேர்ந்த மாற்றத்தையும் கழித்துப் பார்க்கவேண்டும். இருப்பினும், விற்காமல் வைத்திருந்த பகுதியே அரசுக்கு மிகுதியாக ஈட்டித் தந்தது என்பதை மறுக்க இயலாது.

ஃபிளாக்கின் பிற்காலமும் நினைவுகூரத்தக்கது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கடனில் மூழ்கியபின், ஃபிளாக்கின் வழிவந்த ஜி.சி.எக்ஸ். நிறுவனம் 2019-இல் மீண்டும் திவால் பாதுகாப்பை நாடியது. 2022-இல் பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. வாங்குபவராக வந்தவரும் விற்பவராகப் போகக்கூடும். ஒரே ஆண்டு இடைவெளியில் இரு இந்தியக் குழுமங்கள் ஒரே உத்தியைக் கையாண்டும், ஒன்று நின்று மற்றொன்று வீழ்ந்தமை மலிவு விலை மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

அறுபடும்போது

வடங்கள் வேலை செய்யும்வரை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டும் அறுந்தபோது இந்தியாவின் மேற்குவழி இணைய ஓட்டம் பெரிதும் தடைப்பட்டது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் அறுந்த வடங்களுள் டாடாவின் யூரேசிய வடமும் ஒன்று. பழுதுபார்க்கப் பல மாதங்கள் ஆயின. ஏமனில் இரு தரப்பு ஆட்சிகள் இருக்கையில் எவரிடம் அனுமதி பெறுவது என்பதே பெருந்தடையாயிற்று. 1860-இல் வடம் செத்த அதே செங்கடல். கரையுடையவர் யார் என்னும் அதே கேள்வி.

2023-இல் டிராய் அளித்த பரிந்துரையின்படி, அப்போது 17 பன்னாட்டு வடங்கள் இந்தியாவில் 14 நிலையங்களில் கரையேறின. சென்னையோடு, இலங்கைக்குச் செல்லும் வடம் புறப்படும் தூத்துக்குடியும் அந்தப் பட்டியலில் உண்டு. கடலடி வடத்தைப் பழுதுபார்க்கும் இந்தியக் கொடிக் கப்பல் இல்லை என்பதையும் அதே ஆவணம் கவலையோடு குறிப்பிட்டது. உலகைச் சுற்றும் வளையத்தை உடைமையாகக் கொண்ட நாட்டில், அறுந்த வடத்தை முடிச்சிட அயல்நாட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டியுள்ளது. வாங்கி வளர்ந்த ஒரு தொழிலில், செய்து பழகும் திறன் வளராமல் போவது வியப்பன்று. மலிவாகக் கிடைத்ததற்கு நாம் கொடுத்துவரும் விலைகளுள் இதுவும் ஒன்று என்பது என் துணிபு.

இப்போது கூகுள், மெட்டா போன்றவை தமக்கெனவே வடம் இடுகின்றன. அவையும் இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனமொன்றின் கரை நிலையத்தின் வழியாகத்தான் ஏறவேண்டும். ஆகவே கரையுரிமையின் வரலாறு முடியவில்லை.

இத்துறையில் ஆய்வு செய்ய விழையும் மாணவர்களுக்கு மூன்று திறப்புகளைச் சுட்டி முடிக்கிறேன். ஒன்று, ஓ.சி.எஸ். காலத்துக் கட்டணங்களும் புலம்பெயர்ந்தோர் அவற்றுக்குச் செலுத்தியதும். இரண்டு, 2007 முதல் 2018 வரை கரை நிலையக் கட்டண வழக்குகளில் இருதரப்பும் முன்வைத்த செலவுக் கணக்குகள். மூன்று, வடம் கரையேறும் இடங்களில் மீன்பிடிக்கும் மக்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள். முதலிரண்டுக்கும் ஆவணங்களைத் தேடவேண்டும். மூன்றாவதற்குக் கரைக்கே சென்று கேட்கவேண்டும்.